வெள்ளணுவின் வயிற்றில் கறுப்புப் பொடி

எண்பதுகளின் கடைசியில் ராஜபாளையத்தில் ஒரு சின்ன ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தேன். மைக்ராஸ்கோப்பில் எண்ணுவதுதான் பிழைப்பு. அந்தக் கூடத்துக்கு ஏறும் படிகள் பதினேழு.

ஒருநாள் மில் தொழிலாளி ஒருவர் தன் மனைவியைக் கூட்டிவந்தார். அந்தப் பெண்ணுக்கு ஒன்பது நாளாக விட்டுவிட்டுக் காய்ச்சல். மலேரியா இல்லையென்றால் மறுநாளே டைபாய்டு மருந்தைத் தொடங்கிவிடலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். விரலில் குத்தி ரத்தம் எடுத்தேன். தகட்டில் பூசிச் சாயமேற்றி, நகர்த்தி நகர்த்தி நூறு இடம் பார்த்தும் ஒரு கிருமிகூட இல்லை. ‘இல்லை’ என்று எழுத மனம் ஒப்பவில்லை. தொடர்ந்து எண்ணினேன். நூற்று முப்பத்தெட்டாவது இடத்தில் ஒரு வெள்ளணு; அதன் வயிற்றில் கரும்பழுப்பாய்ச் சில பொடிகள்.

சாயக் கசடோ? முந்தின வருஷம் கசடைக் கிருமி என்று எழுதி ஏச்சு வாங்கியவன் நான். சாயத்தை வடிகட்டி, வேறு தகட்டில் பூசிப் பார்த்தேன். இருநூறு வெள்ளணுக்களில் ஐந்தில் அதே பொடி. வெள்ளணுவுக்கு வெளியே ஒன்றுமில்லை; கசடானால் எங்கும் சிதறியிருக்கும்.

மலேரியாக் கிருமி சிவப்பணுவுக்குள் புகுந்து தின்னும். தின்ற மிச்சம் கறுப்பாகத் தங்கும். வெள்ளணு கிருமியையும் கறுப்பையும் சேர்த்து விழுங்கும். கிருமி செரித்துவிடும், கறுப்பு சீக்கிரம் செரிக்காது.

"வீட்டுல மாத்திரை எதுவும் குடுத்தியளா?" என்று அவரைக் கேட்டேன்.

மனைவி முந்திக்கொண்டாள். "மலேரியா மாத்திரைன்னு கடையில வாங்கியாந்தாவ சார். ரெண்டு முழுங்குனேன். அம்புட்டுக் கசப்பு. மிச்சத்த முருங்கை மூட்டுல போட்டுட்டேன்."

"ஏட்டி, எல்லாம் தின்னாச்சுன்னியே!"

அரைகுறை மருந்தில் கிருமி குறைந்து ஒளிந்திருக்கிறது என்றேன். அவர் மைக்ராஸ்கோப்பில் குனிந்து பார்த்தார்.

"மில்லு விட்டு வந்தா எங்க மூக்குக்குள்ள பஞ்சு கெடக்குமே, அது கணக்கா இருக்கு சார். வேலை முடிஞ்சாலும் போவாது."

டாக்டர் பொடியை மட்டும் வைத்து நம்பவில்லை. கிருமியைக் காட்டச் சொன்னார். மறுநாள் அவளுக்குக் குளிர்நடுக்கம் கண்டதும் மறுபடி ரத்தம் எடுத்தேன். அறுபத்து நாலாவது இடத்தில் ஒரே ஒரு கிருமி கிடைத்தது. டைபாய்டு மருந்து தொடங்கும் பேச்சு நின்றது. இந்த முறை கணவர் எதிரே நின்று அத்தனை மாத்திரையையும் விழுங்க வைத்தார்.

ஒரு வாரம் கழித்து வந்தார்கள். காய்ச்சல் இல்லை, இருநூறு இடத்திலும் கிருமி இல்லை.

"கறுப்பு தின்ன வெள்ளணு மட்டும் ஒண்ணு இருக்கு," என்றேன்.

"ஒண்ணுதான சார்? அது பாட்டுக்கு இருந்துட்டுப் போவட்டும்," என்று சிரித்தாள்.

அவர்கள் படியிறங்கிய பிறகு இன்னும் நூறு இடம் பார்த்தேன். கிருமி இல்லை.