பூ பிசுபிசுத்த வாரம்

ஊரில் அவருக்கு அவசரக்காரர் என்று பெயர். பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே போய் நிற்பார். கஞ்சாச் செடி பயிரிடுகிறவர் வேறு எப்படி இருக்க முடியும்? அனுமதி வாங்கி நாருக்காக மட்டும் வளர்ப்பது. நெருக்கி விதைத்தால் கிளை விடாமல் நெடுநெடுவென்று போகும். தண்டைத் தண்ணீரில் ஊறப் போட்டு உரித்தால் கயிறு, கித்தான். பூவை முற்ற விட்டாலோ போதை ஏறும். போதைச் சத்து அளவு தாண்டினால் அதிகாரிகள் வயலை எரித்து, அனுமதியையும் பிடுங்கிக்கொள்வார்கள்.

அதனால் பூ விடும் பருவத்தில் தினமும் காலையில் நுனிப் பூவை விரலிடுக்கில் நசுக்கிப் பார்ப்பார். லேசாகப் பிசுபிசுத்தால் அன்றைக்கே அறுப்பு. இருபத்திரண்டு வருடமாக அந்த விரல்களைத் தவிர அவர் யாரையும் நம்பியதில்லை. கூடப்பிறந்த தம்பியைக்கூட.

இந்த வருடம் சரியாக அந்த நேரம் பார்த்து மனைவிக்கு வயிற்றில் ஆபரேஷன். ஆஸ்பத்திரி நாற்காலியிலேயே கிடந்தார். தம்பி போன் போட்டான்.

"அண்ணே, நான் அறுத்துடட்டுமா?"

"நான் வந்து தொட்டுப் பாக்காம கை வைக்காதே. நாளைக்கு வந்துடறேன்."

அந்த நாளை வரவே இல்லை. ஒரு நாள் அவளுக்குக் காய்ச்சல், மறுநாள் தையல் பிரிந்துவிட்டது. அப்போதும் தம்பியிடம் சரி என்று சொல்ல வாய் வரவில்லை. அப்படியொரு வீம்பு.

"அறுத்தாச்சா?" என்று மனைவி தினமும் கேட்டாள்.

"அதெல்லாம் முடிஞ்சு ஊறப் போட்டாச்சு. நீ தூங்கு."

ஆபரேஷன் முடிந்த பத்தாம் நாள் அதிகாரி வயலுக்கு வந்து நுனிகளைக் கிள்ளிப் பரிசோதனைக்கு எடுத்துப் போனார். மறுநாள் இவர் மனைவியை வீட்டுக்குக் கூட்டி வந்தார். படுக்கையறை ஜன்னல் வயலைப் பார்த்தது. டாக்டர் வெயில் ஆகாது என்றதாக இன்னொரு பொய்யைச் சொல்லித் திரையை இழுத்துவிட்டார். அதன் பிறகு போன் அடிக்கும்போதெல்லாம் அடுத்த அறையில் நின்று பேசினார். நான்காம் நாள் முடிவு வந்தது. அளவு தாண்டிவிட்டது.

மறுநாள் காலை புகை வாசம் வந்தது. அவள் சுவரைப் பிடித்து எழுந்து திரையை விலக்கினாள்.

"அறுத்தாச்சுன்னு சொன்னீங்களே!"

அவர் கட்டில் ஓரமாக உட்கார்ந்தார்.

"நிஜத்தைச் சொல்லியிருந்தா அன்னைக்கே உங்களை வயலுக்குத் துரத்தி விட்டிருப்பேனே!"

"தெரியும். அதான் சொல்லல."

அவள் அழுதாள். தையல் வலிக்கும், அழாதே என்றார்.