ஆட்டமா, உதையா?

மொன்டானாவின் கோதுமைச் சீமையில் டயர் கடை வைத்திருக்கும் ஓரின் ட்வைட், சனிக்கிழமையானால் கோடு போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு பள்ளிப் பையன்களின் அமெரிக்கக் கால்பந்துக்கு நடுவராகிவிடுவார். முட்டி தேய்ந்தும் விடவில்லை. உயரே வரும் பந்தைப் பிடிக்கப் போகிறவன் ஒரு கையைத் தலைக்கு மேல் நீட்டி ஆட்டினால், 'என்னை இடிக்காதே, நானும் ஓடமாட்டேன்' என்று அர்த்தம். அதுதான் ஃபேர் கேட்ச். அப்படிப் பிடித்த அணி வழக்கம்போல் ஆடலாம். அல்லது எவரும் குறுக்கே பாயாமல், அங்கிருந்தே கோல் கம்பத்துக்கு ஓர் உதை விடலாம்; குறுக்குக் கம்பிக்கு மேலே தாண்டினால் மூன்று புள்ளி. அந்த உதையை யாரும் கேட்பதே இல்லை. ஆனாலும் ஓரின் ஒவ்வொரு முறையும் அணித்தலைவனைக் கூப்பிட்டு, "ஆட்டமா, உதையா?" என்பார். பையன்கள் சிரித்துக்கொண்டே "ஆட்டம்" என்பார்கள்.

"ஆளே வராத சர்ச்சுல தெனம் மணி அடிக்கிறியேய்யா!" என்று கிண்டல் செய்வார் சக நடுவர் மெர்ல்.

"கேக்கணும்னு சட்டம். கேக்குறேன். உனக்கென்ன வலிக்குது?"

அந்த அக்டோபர் மதியம் உள்ளூர் அணி இரண்டு புள்ளி பின்தங்கியிருந்தது. தோற்றால் அந்த வருஷத்துக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான். கடைசி நொடிகளில் எதிரணி உதைத்த பந்து எதிர்க்காற்றில் திணறி, அவர்கள் பக்கத்திலேயே இறங்கியது. உள்ளூர்த் தலைவன் கோல்பி ராஷ் கையைத் தூக்கினான். பாய்ந்து வந்தவர்கள் சட்டென்று நின்றுவிட்டார்கள். பந்தைப் பிடித்த கோல்பி, எதிரே வெட்டவெளியைப் பார்த்ததும் சைகையை மறந்து ஓட அடியெடுத்து வைத்தான். ஓரின் விசிலை ஊதிவிட்டார்.

பயிற்சியாளர் லைல், ஓரினோடு பள்ளியில் படித்தவர், தொப்பியைத் தரையில் அடித்தார். "டேய் ஓரின், கண்ணு அவிஞ்சு போச்சா? வெயில் கூசுச்சு, கைய வச்சு மறைச்சான்!"

"மறைக்கிற கை நெத்தியில நிக்கும் லைல். இவன் கை மேல நீண்டு ஆடுச்சு."

"ஊரையே கவுத்துட்டியேடா பாவி!"

 திங்கட்கிழமை இவர்கள் முகத்தில்தான் விழிக்க வேண்டும். தான் கண்டது சரிதானா என்று ஒரு கணம் ஓரினுக்கே சந்தேகம் தட்டியது. இல்லை, கை ஆடியது, கண்ணால் பார்த்தார். கோல்பியைக் கூப்பிட்டார்.

"ஆட்டமா, உதையா?"

பையன் கம்பத்தைப் பார்த்தான். தூரம் அதிகம். ஆனால் காற்று அவன் முதுகில் இருந்தது.

"உதை, சார்."

"என்னது?"

"உதைக்கிறேன் சார்."

ஓரினுக்கு உடம்பு சிலிர்த்தது. எதிரணியைப் பத்து கஜம் பின்னால் தள்ளி நிறுத்தினார். அவர்கள் கையைத் தொங்கப்போட்டு வெறுமனே நின்றார்கள். தடுப்பதற்கு அவர்களுக்கு உரிமை இல்லை. விசில் கொடுத்துவிட்டு நொண்டிக்கொண்டே கம்பத்தடிக்குப் போனார். கூட்டம் எழுந்து நின்றது. 

கோல்பி ஓடி வந்து உதைத்தான். பந்து ஏறியது, ஏறிக்கொண்டே இருந்தது. இத்தனை ஆண்டுகளில் இப்படியொன்றை ஓரின் பார்த்ததே இல்லை. இறங்குகையில் குறுக்குக் கம்பியில் பட்டுத் துள்ளி, அந்தப் பக்கம் விழுந்தது.

ஒருவரும் கத்தவில்லை. இரண்டு கையையும் தூக்கி மூன்று புள்ளி என்று அறிவிக்க வேண்டிய ஓரினோ, வாயைப் பிளந்தபடி வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"யோவ், கையத் தூக்குய்யா!" என்று மெர்ல் அலறினார். "ஊரே உன்னத்தான் பாக்குது!"

ஓரின் இரண்டு கைகளையும் தூக்கினார். மைதானம் அதிர்ந்தது. ஆட்டம் முடிந்து எல்லோரும் உள்ளே ஓடிவந்த பிறகும் அந்தக் கைகளை இறக்க அவருக்கு மனம் வரவில்லை.