அத்தான் மன்னித்த தவறு

அக்கா வீட்டுக்காரர் ஜவுளிக்கடை நடத்திய காலத்தில் யாரையும் வெறுங்கையோடு திருப்பி அனுப்பியதில்லை. அப்படி ஒரு வாய். ஒரு கடை இருபது கடையானது. ஆட்சியில் இருந்தவர்களுக்கும் அந்த வாய் பிடித்துப்போய், அத்தானை வெளிநாட்டுக்குத் தூதராக அனுப்பினார்கள். அங்கிருந்து பந்தயக் குதிரைப் பைத்தியத்தோடு திரும்பியவர், கடைகளை விற்றுக் குதிரைப் பண்ணை போட்டார். பதிவேடு எழுத நான். பெண்டாட்டியின் தம்பி வேறு எதற்கு இருக்கிறான்?

பண்ணையில் இரண்டு ஆண் குதிரைகள். ஒன்று பேர்போனது, மற்றது பந்தயத்தில் கடைசியாக வந்தே பழகியது. ஒருநாள் காலை விருந்தாளிகளுக்கு லாயத்தைச் சுற்றிக் காட்டிய அத்தான், கதவைத் தாழிடாமல் வந்துவிட்டார். அந்த மட்டமான குதிரை பெட்டைக் குதிரையிடம் போய்விட்டது. லாயத்தைப் பார்த்துக்கொண்ட குதிரைக்காரர் ஓடிவந்து எங்கள் இருவரிடமும் சொன்னார். மறுநாள் பேர்போன குதிரையையும் அதே பெட்டையோடு சேர்த்துவிட்டார் அத்தான்.

"குட்டிக்கு அப்பன் பெரிய குதிரைன்னே எழுதிடு மச்சான். யாருக்குத் தெரியப்போகுது?"

எழுதினேன்.

ரத்தப் பரிசோதனை அப்போதுதான் புதிதாக வந்திருந்தது. குட்டிக்கு அப்பன் வேறு என்று தெரிந்ததும் பந்தயச் சங்கத்தார் விசாரிக்க வந்தார்கள். குதிரைக்காரர் நடந்ததை அப்படியே சொன்னார். அத்தான் அவர் தோளில் கை போட்டார்.

"பாவம், வயசாயிடுச்சு. சொல்ல மறந்திருப்பார். எனக்கு இவர்மேல கோபமே இல்லை."

வந்தவர்கள் அந்தப் பெருந்தன்மையில் உருகிப்போனார்கள். என்னைக் கேட்டார்கள். யாரும் எங்களிடம் சொல்லவில்லை என்றேன். அன்று நாக்கு கூசவில்லை. இன்று உடம்பெல்லாம் கூசுகிறது.

குதிரைக்காரரின் உரிமத்தைப் பிடுங்கிக்கொண்டார்கள். இனி எந்த லாயத்திலும் அவரைச் சேர்க்க மாட்டார்கள். அத்தான் அதன்பின் லாயத்துப் பக்கம் தலைகாட்டவில்லை. சாப்பிடும்போதுகூட நாங்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை. அக்கா காரணம் கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிட்டாள்.

துணிமணிகளை எடுக்க வந்த குதிரைக்காரர் என் அறைக்கு வந்தார். சண்டைக்குத்தான் வருகிறார் என்று பயந்து, எதற்கும் இருக்கட்டும் என நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன்.

"வேலை போனா போகட்டும் சார். எம் மககூட நான் பொய் சொல்றேன்னு நெனைக்கிறா. அவகிட்ட மட்டும் உண்மையைச் சொல்லிடுங்க."

சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். இன்று போகலாம், நாளை போகலாம் என்று நாலு வருடம் ஓட்டினேன். போன மாதம் அவர் இறந்துவிட்டார். அத்தான் வரவில்லை, நான் மட்டும் போனேன். கூட்டத்தை விலக்கிக்கொண்டு மகள் என்னிடம் வந்தாள்.

"அப்பா பண்ணுன தப்பை மனசுல வச்சுக்காதீங்க சார்."

"பரவாயில்லம்மா" என்றேன்.