விடுபட்ட மூன்று இலக்கங்கள்

முதல் பஸ்ஸின் கூரையிலிருந்து மல்லாங்கிணறு டீக்கடை வாசலில் தொப்பென்று விழும் செய்தித்தாள் கட்டைப் பிரித்தால் மண்ணெண்ணெயும் பசையும் கலந்தாற்போல ஒரு வாடை அடிக்கும். மை காயாத தாளைத் தொட்டால் விரல் கறுக்கும். அறுபதுகளின் தொடக்கத்தில், ஒரு கோடையின் கடைசியில், அந்த வாடையை மூக்கு நிறைய இழுத்துக்கொண்டு, ஒன்பது வயதுக்காரி நான் அய்யாவின் தோளைப் பிடித்தபடி கடை பெஞ்சில் ஏறி நின்றேன். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாக எஸ்.எஸ்.எல்.சி. எழுதிய முத்துலட்சுமி அக்காவின் "ரிசல்ட்" அன்றைய தாளில் வந்திருந்தது. ஆம்பிளைகள் கூடும் கடைக்கு வயசுப் பெண் வரக்கூடாது. அய்யாவுக்கோ எழுத்து தெரியாது. அதனால் நான் போனேன்.

எண் வாசிப்பதில் நான் ஊரறிந்த கெட்டிக்காரி வேறு. பருத்தி லோடு ஏற்ற வரும் லாரிக்காரர்கள் வேடிக்கைக்காக மண்ணில் எட்டு இலக்கம் கிறுக்கிவிட்டு நிற்பார்கள். ஒன்று, பத்து, நூறு, ஆயிரம் என்று வலமிருந்து இடமாக விரலை நகர்த்திப் பார்த்துவிட்டு, கோடியில் தொடங்கி மூச்சு விடாமல் சொல்லி முடிப்பேன். "எம் மகளுக்கு எம்புட்டு பெரிய எண்ணும் தண்ணிபட்ட பாடு" என்று அய்யா மீசையைத் தடவிக்கொள்வார். ஒரு இலக்கம் விட்டுப்போனாலும் அது வேறு எண் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்ததை நான் வேதவாக்காகப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அக்காவின் எண் 60347. "பாஸானா படிப்பு, இல்லேன்னா பந்தல்" என்பது அவளுக்கும் அய்யாவுக்கும் இருந்த பேச்சு. படிப்பென்றால் டீச்சர் டிரெயினிங்; பந்தலென்றால் எம். புதுப்பட்டியில் பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்த மாமன் மகன்.

பக்கம் முழுக்க எறும்பு ஊர்ந்தாற்போல எண்கள். 60302 இருந்தது. அதன் பின்னால் 09, 14, 21, 38, 47, 52 என்று குட்டிக் குட்டியாக என்னென்னவோ, அப்புறம் 60405. என் கண் அந்த 47-இல் ஒரு கணம் நின்றது, சத்தியமாக நின்றது. ஆனால் அறுபதாயிரத்தையும் முந்நூறையும் காணோமே, வெறும் நாற்பத்தேழு எப்படி எங்கள் அக்காவாகும்? பின்னால் நின்றவர்கள் தாளுக்குக் கை நீட்டிக்கொண்டிருந்தார்கள்.

"வந்திருக்கா தாயி?" என்றார் அய்யா.

"இல்லய்யா."

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். என் வாயால் கெட்டது என் அக்கா. சாயங்காலத்துக்குள் அந்தத் தாளை வடை மடித்துத் தீர்த்துவிட்டார்கள். இரண்டு நாள் அவள் சோற்றில் கை வைக்கவில்லை. அடுத்த வாரமே புதுப்பட்டியிலிருந்து வந்து "பாக்கு மாற்றி" நிச்சயம் பண்ணிவிட்டுப் போனார்கள்.

அதற்கு நாலைந்து நாள் கழித்து, விடுமுறைக்குத் தன் ஊருக்குப் போய்த் திரும்பியிருந்த அக்காவின் வகுப்பு டீச்சர், விருதுநகரிலிருந்து வேகாத வெயிலில் பஸ் ஏறி எங்கள் வீடு தேடி வந்தார். கழுத்தில் சிறு சிலுவை, கையில் வெட்டியெடுத்த செய்தித்தாள் துண்டு.

"பாஸான பிள்ளைய, மார்க்குப் போட்ட எஸ்.எஸ்.எல்.சி. புஸ்தகம் வாங்கக்கூட அனுப்பாம வீட்ல வச்சிருக்கீகளே, நியாயமா?"

அய்யா என்னைப் பார்த்தார். டீச்சர் துண்டை விரித்து விரலை வைத்தார். "எல்லாருக்கும் முழு நம்பர் போடப் பேப்பர்ல எடம் ஏது? மொதல் நம்பரை முழுசாப் போட்டுட்டு, பின்னால வர்றதுக்குக் கடைசி ரெண்டு இலக்கம் மட்டும் போடுவாக. அறுபதாயிரத்து முந்நூறை நாமதான் சேத்துக்கிடணும்."

அய்யா தலையில் கை வைத்துக்கொண்டு அப்படியே குத்தவைத்து உட்கார்ந்துவிட்டார். டீச்சர் எவ்வளவோ மன்றாடினார். "பாக்கு மாத்தியாச்சு டீச்சரம்மா. குடுத்த வாக்கு குடுத்ததுதான்" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார் அய்யா. அக்கா உள்ளேயிருந்து ஒரு செம்புத் தண்ணீர் கொண்டுவந்து டீச்சருக்குக் கொடுத்துவிட்டுத் திரும்பிப் போனாள்.

அன்று மாலை என்னைத் தனியே கூப்பிட்டுக் கேட்டாள்: "அந்த நாப்பத்தேழைப் பாத்தியாடி?"

"பாக்கலைக்கா" என்றேன். பயத்தில் வந்த பொய். அவள் என் தலையைக் கோதி, "சரி விடு, சின்னப் பிள்ளைக்கு என்ன தெரியும்" என்றாள். அன்று என்னை நாலு அறை அறைந்திருந்தால் இத்தனை காலம் எனக்கு வலித்திருக்காது.

ஆவணியில் கல்யாணம் முடிந்து, புதுப்பட்டியில் சரவெடி பின்னிப் பின்னியே அவள் காலம் போயிற்று. ஊருக்கு வரும்போதெல்லாம் அவள் நகக்கண்ணில் வெள்ளி மருந்து படிந்திருக்கும். சில வருஷம் கழித்து, ஒரு மகளைப் படிக்கவிடாமல் போன மனக்குறையில், அய்யா என்னை டீச்சர் டிரெயினிங்குக்கு அனுப்பினார். முப்பது வருஷத்துக்கு மேல் பிள்ளைகளுக்கு இட மதிப்பு சொல்லிக்கொடுத்தேன். ஒவ்வொரு ஜூனிலும் அந்தப் பாடம் வரும்போது சாக்பீஸ் பிடித்த கை கூசும்.

இப்போது எண்கள் நிறைந்த அந்தப் பக்கங்கள் இல்லை. கையில் மை ஒட்டுவதுமில்லை. ரிசல்ட் பெயரோடு போனில் வந்துவிடுகிறது. போன கோடையில் அக்காவின் மகன் வயிற்றுப் பேத்திக்கு ரிசல்ட் வந்தபோது நான் புதுப்பட்டியில் இருந்தேன். அக்காவுக்கு எண்பது நெருங்குகிறது, பார்வை மங்கிவிட்டது. சுற்றிலும் படித்த பிள்ளைகள் நாலு பேர் நின்றார்கள். அவள் போனை வாங்கி, தடவித் தடவி என் பக்கம் நீட்டினாள். "நீ வாசி."

எண்ணை முதலிலிருந்து கடைசிவரை ஒரு இலக்கம் விடாமல் வாசித்தேன். பெயரை இரண்டு முறை பார்த்தேன்.

"பாஸ், அக்கா" என்றேன்.

அவள் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள். பேத்திக்காக அழுகிறாள் என்று பிள்ளைகள் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.