விசிறிக்காரன் சொன்னது

ஞாயிறு பூசை முடிந்தால் மச்சாள் வீட்டில்தான் தேநீர். மச்சாள் என் கணவரின் தங்கை. லண்டனில் நெடுங்காலம் இருந்தவள். புருஷன் செத்தபிறகு இங்கே கனடாவுக்கு, மொன்றியலுக்கு வந்து, பார்க் எக்ஸ்டென்ஷனில் எங்களுக்குக் கீழ்வீட்டில் குடியேறினாள். வரும்போது பழைய இங்கிலீசுப் பகிடிப் படங்களை ஒரு பெட்டி நிறையக் கொண்டுவந்தாள். அதற்குப் பிறகு என் கணவர் என்னோடு இருந்து சிரித்ததே இல்லை.

சோபாவில் அண்ணனும் தங்கையும். நான் பக்கத்துக் கதிரையில். ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கு அந்த இங்கிலீசு ஓடும் வேகத்தில் ஒன்றும் பிடிபடாது. அவருக்கும் பாதிதான் விளங்கும். அவள் முதலில் சிரிப்பாள், பிறகு அவர் காதில் சொல்லுவாள், அவர் தொடையில் தட்டிச் சிரிப்பார். எனக்கு ஒருவரும் சொல்லமாட்டார்கள். கேட்க எனக்கும் வெட்கம். தேநீர் ஊற்றுகிற சாட்டில் குசினிக்குள் போய் நிற்பேன். சிரிப்பு அங்கேயும் கேட்கும். கூடப்பிறந்தவள்தானே என்று எத்தனை சொல்லியும் வயிறு எரியும்.

அந்தப் படங்களில் எங்கள் நிறத்து ஆட்களைக் காண்பதே அருமை. இருந்தால் பெட்டி தூக்குவார்கள், கதவு திறப்பார்கள். கதைக்கிற வேஷம் என்றால் ஒரு வெள்ளைக்காரன் முகத்தில் கறுப்பைப் பூசி, தலையை ஆட்டிக்கொண்டு வந்துவிடுவான். போன குளிருக்குள் பார்த்த படத்திலும் அப்படி ஒரு ராசா.

"இதென்ன மச்சாள், எங்கட ஆள் ஒருத்தரும் கிடைக்கேல்லையோ?" என்று வாய்தவறிக் கேட்டுவிட்டேன்.

"அந்தக் காலத்திலை எங்கட ஆக்களுக்கு ஆர் வேஷம் குடுத்தது? நீங்கள் பகிடியைப் பாருங்கோவன். அண்ணை, இவவுக்கு எல்லாத்துக்கும் ஒரு நியாயம் வேணும்!"

அவர் அதற்கும் சிரித்தார்.

ராசா ஏதோ சொன்னான். அவள் விழுந்து விழுந்து சிரித்து, அவருக்கு அதை விளங்கப்படுத்தத் தொடங்கினாள். நான் மட்டும் திரையைப் பார்த்தேன். ராசாவுக்குப் பின்னால் பெரிய விசிறியோடு ஒருவன் நின்றான். பூச்சு இல்லை, சொந்த நிறம். அவன் குனிந்து, நல்ல பணிவாகச் சொன்னான்:

"இன்னும் விசுக்கட்டோ, ராசா? பூசின கறுப்பு வழியுது."

தமிழ்! எங்கள் ஊர்த் தமிழ். ஏதோ கும்பிட்டுச் சொல்கிறான் என்று படம் எடுத்தவர்கள் விட்டிருப்பார்கள். கீழே எழுத்தும் போடவில்லை.

நான் சிரித்துவிட்டேன். சின்னச் சிரிப்பில்லை, தேநீர் சீலையில் சிந்துகிற சிரிப்பு. இரண்டுபேரும் திரும்பினார்கள்.

"இஞ்சேரும், அவன் என்ன சொன்னவன்?" அவர் என்னைக் கேட்டார். தங்கையை அல்ல, என்னை.

"சொல்லுங்கோ மச்சாள், நாங்களும் சிரிப்பம்," என்றாள் அவளும்.

"பிறகு சொல்லுறன்," என்றேன்.

படத்தைத் திருப்பிப் போட அவள் ரிமோட்டைத் தேடினாள். அது என் பக்கத்தில்தான் கிடந்தது. அதன்மேல் முந்தானையை இழுத்துவிட்டேன்.

எங்கள் வீட்டுக்கு ஏறும் படியில் வைத்து அவருக்குச் சொன்னேன். கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தவர், நிற்க ஏலாமல் படியிலேயே இருந்துவிட்டார். நானும் பக்கத்தில் இருந்தேன். கீழே கதவு திறந்தது.

"என்னண்ணை, என்ன பகிடி?"

அவர் என்னைப் பார்த்தார். வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஒண்டுமில்லைப் பிள்ளை, குளிருது, கதவைச் சாத்து," என்றார்.