கந்தப்புவின் காலும் அருந்ததியின் தேர்வும்

அருந்ததி பரீட்சையில் தோற்றுப்போனாள் என்ற செய்தியை, பினாங்கின் ஆயர் ஈத்தாமில் இருந்த அந்த வீடு ஒரு சாவுச் செய்திக்குக் காட்டும் மரியாதையைவிடக் கூடுதல் மரியாதையோடு ஏற்றுக்கொண்டது. சாவு எல்லா வீட்டிலும் விழும். பரீட்சையில் தோற்பது மட்டும் அந்த வீட்டில் மூன்று தலைமுறையாக யாரும் செய்து பார்க்காத காரியம். யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலேறி வந்த மூத்தவர் சுருக்கெழுத்துப் பரீட்சை எழுதி மலாயா ரயில்வேயில் நுழைந்தார். அவர் மகன் கந்தப்பு துறைப் பரீட்சைகளை வரிசையாக எழுதித் தலைமைக் குமாஸ்தாவாகி, பட்டர்வொர்த் நிலையத்தில் ஓய்வு பெற்றார். அவர் மகன் கணக்காளர் பரீட்சையில் தேறினான். அந்தக் கணக்காளருக்குப் பெண் பார்க்கும்போது நிறம், நகை, ஜாதகம் எல்லாவற்றையும் பின்னுக்குத் தள்ளி, பெண் பார்மசிஸ்ட் என்ற ஒரு காரணத்துக்காகவே அருந்ததியைத் தேர்ந்தெடுத்தார்கள். அப்படிப்பட்டவள் நாற்பது வயதில் வலியப் போய் ஒரு பரீட்சை எழுதி, வலியத் தோற்றுவிட்டு வந்திருந்தாள்.

வலியப் போனதற்குக் காரணம் உண்டு. ஜார்ஜ் டவுனில் ஒரு பெரிய தனியார் ஆஸ்பத்திரியின் மருந்தகத்தில், கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் அவள் பதினைந்து வருஷம் உட்கார்ந்திருந்தாள். டாக்டர்கள் எழுதுவதைப் படிப்பாள், தவறு இருந்தால் போன் செய்வாள், "நீங்கள் சொல்வதும் சரிதான்" என்று அவர்கள் சலித்துக்கொள்வதைக் கேட்பாள். நோயாளியின் கட்டிலருகே நின்று, மருந்து எழுதப்படுவதற்கு முன்னாலேயே வாயைத் திறக்க வேண்டும் என்பது அவள் ஆசை. அதற்கு வழி இருந்தது. பார்மசிஸ்டுகளுக்கென்றே சிறப்புத் தேர்வு நடத்தும் ஒரு வெளிநாட்டு வாரியம் சிங்கப்பூரில் ஆண்டுக்கொரு முறை கடை விரித்தது. அதில் தேறினால் வார்டுச் சுற்றில் சேர்த்துக்கொள்கிறோம் என்று நிர்வாகி சொல்லியிருந்தார். முதல் தடவை தோற்றதும், இன்னும் ஒரே ஒரு தடவைக்குத்தான் லீவு தருவோம் என்றும் சொல்லிவிட்டார். தேறினால் கட்டிலருகே, இல்லையென்றால் ஓய்வு பெறும்வரை கண்ணாடி ஜன்னல்.

தோற்றது ஏன் என்பதைப் பக்கத்து ஜன்னலில் மாத்திரை எண்ணிப் போடும் மஹ்பூபா ஒரே நாளில் கண்டுபிடித்துவிட்டாள். வாரியத்தின் கேள்வித்தாள் முழுக்க நோயாளிகள். இன்ன வயது, இன்ன எடை, இன்ன வியாதி, இந்த மருந்தைச் சாப்பிடுகிறார், ஆனாலும் குணமில்லை. அடுத்து என்ன செய்வாய்? அருந்ததி ஒவ்வொருவரையும் சந்தேகப்பட்டாள். இந்த இனிப்புநீர்க்கார அம்மாள் சாயங்காலம் பசார் மாலாம் இரவுச் சந்தையில் சர்க்கரைப் பாகு ஊற்றிய செண்டோல் குடித்திருப்பாளோ, இந்தச் சிறுநீரகக்காரர் தெரியாமல் ஜாமு என்ற நாட்டுக் கஷாயம் குடிக்கிறாரோ என்று காகிதத்து ஆட்களை விசாரித்துக்கொண்டிருந்ததில் நேரம் முடிந்து கடைசிப் பக்கங்கள் வெள்ளையாகவே போயின.

"அக்கா, கேள்வியில இருக்கிற ஆளு பொய் சொல்ல மாட்டாருலா," என்றாள் மஹ்பூபா. "அவரு மாத்திரைய முழுங்குறதுக்குன்னே பொறந்தவரு. நம்ம ஜன்னலுக்கு வர்ற கேஸ் கெடையாது."

அருந்ததி இதை உபதேசமாகவே எடுத்துக்கொண்டாள். அன்றிலிருந்து நோயாளி சொல்வதை அப்படியே நம்புவது, புத்தகம் சொல்வதை அப்படியே செய்வது என்று விரதம் பூண்டாள். வெள்ளிக்கிழமை மீனை விடும் விரதத்தைக்கூட மாதத்தில் பாதிதான் கடைப்பிடித்தவள், இந்த விரதத்தில் உறுதியாக நின்றாள். பயிற்சிக்கு உயிருள்ள நோயாளி ஒருவர் தேவைப்பட்டார். வீட்டிலேயே ஒருவர் ஈசிச்சேரில் சாய்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

கந்தப்புவுக்கு எழுபத்திரண்டு வயது, பிரஷர் உண்டு. நாள்தோறும் ஒரு மாத்திரை. ஆராய்ச்சிப் பொருளாக இருப்பதில் அவருக்கு ஆட்சேபம் இல்லை. பரீட்சைக்கு என்றால் அந்த வீட்டில் எதுவும் கேட்கலாம். சாயங்காலந்தோறும் கையை நீட்டுவார், மருமகள் பட்டையைக் கட்டிப் பிரஷர் பார்ப்பாள். மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா மாமா என்று புத்தகத்தில் உள்ளபடி கேட்பாள். ஒரு நாளும் தவறினதில்லை என்று அவரும் புத்தகத்தில் உள்ளபடியே பதில் சொல்வார். பிரஷர் மட்டும் புத்தகத்தைப் படிக்கவில்லை. அது நூற்றெழுபதிலேயே உட்கார்ந்திருந்தது.

முழு அளவுக்குக் கொண்டு போ என்றது புத்தகம். அருந்ததி கந்தப்புவின் டாக்டரிடம் பேசினாள். அவசரத்தில் இருந்த அவர், சரி என்று அதே மாத்திரையை இரட்டிப்புப் பலத்தில் எழுதிக் கொடுத்தார். ஒரு டாக்டர் அவள் சொல்லி மருந்து எழுதியது அதுவே முதல் தடவை; அன்றைக்கு அவள் வீட்டுக்கு இனிப்பு வாங்கிப் போனாள். அந்த மாத்திரையால் ஆரம்பத்தில் கந்தப்புவுக்குக் கால் வீங்கும், ரயில்வே காலத்துக் கறுப்பு ஷூ ஏறாது என்று புலம்புவார். இரட்டித்தபோதோ வீக்கம் சுத்தமாக வற்றியிருந்தது. மருந்து உடம்புக்குப் பழகிவிட்டது என்று அருந்ததி திருப்தியோடு எழுதி வைத்தாள். பிரஷர் நூற்றெழுபத்தைந்துக்கு ஏறியது. இரண்டாவது மருந்தைச் சேர்க்க வேண்டிய கட்டம் வந்துவிட்டதென்று அவள் அடுத்த அத்தியாயத்தைப் புரட்டினாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, வழக்கமாகக் காலாற நடந்துவிட்டுத் திரும்பும் நேரத்தில் கந்தப்பு வரவில்லை. எங்கே இருப்பார் என்பது தெரிந்ததுதான். அருந்ததி கெரெத்தாவை ஓட்டிக்கொண்டு சூலியா தெருவுக்குப் போனாள். முகம்மது சுல்தானின் தேத்தண்ணிக் கடையில் மூலை மேசை ஓய்வு பெற்றவர்களுக்கென்று எழுதாத சட்டப்படி ஒதுக்கப்பட்டது. கந்தப்பு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார், பளபளக்கும் ஷூ. எதிரே தபால் இலாகாவில் இருந்து ஓய்வு பெற்ற விநாசித்தம்பி, ஒரு காலைத் தூக்கி இன்னொரு நாற்காலியில் வைத்திருந்தார். பெருவிரல் தக்காளிபோலச் சிவந்து வீங்கியிருந்தது. இருவரும் பையிலிருந்து ஆளுக்கொரு மாத்திரை அட்டையை எடுத்து மேசைமேல் வைத்து, ஒருவர் அட்டையை மற்றவர் பக்கமாக நகர்த்தினார்கள். பிறகு நுரை பொங்க ஆற்றிய தத்தம் தே தாரேயை எடுத்து ஒரு மடக்குக் குடித்தார்கள்.

"என்ன மாமா இது?" என்றாள் அருந்ததி.

கந்தப்பு ஒளிக்கவில்லை. தப்பு செய்தவன்தான் ஒளிப்பான். "மியூச்சுவல் டிரான்ஸ்பர், பிள்ளை," என்றார்.

அரசாங்க உத்தியோகத்தில் இருந்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. ஒரே கிரேடில் உள்ள இரண்டு பேர், அவனுக்கு இவன் ஊரும் இவனுக்கு அவன் ஊரும் வேண்டுமென்றால், சேர்ந்து விண்ணப்பம் போட்டு இடம் மாற்றிக்கொள்வார்கள். இலாகாவுக்கு நட்டமில்லை, இருவருக்கும் சௌகரியம். கந்தப்புவின் பிரஷர் மாத்திரை அவருக்குக் காலை வீங்க வைத்தது. விநாசித்தம்பியின் மாத்திரையோ காலுக்கென்றே கொடுக்கப்பட்டது. பெருவிரல் மூட்டு வீங்கி வலிக்கும் கவுட் வியாதிக்கானது. அதைச் சாப்பிட்டு ஒரு வருஷமாக அவருக்குக் கால் வலியே இல்லை, தலை மட்டும் அடிக்கடி பாரமாக இருந்தது. ஆகவே கால் மாத்திரை வீங்கிய காலுக்கும், பிரஷர் மாத்திரை பாரமான தலைக்கும் மாற்றல் ஆயின. இரண்டும் வெள்ளை, இரண்டும் வட்டம், இரண்டும் சாப்பாட்டுக்குப் பின் ஒன்று. ஒரே கிரேடு என்பதில் இருவருக்கும் சந்தேகம் எழவில்லை.

"வேலை செஞ்சுதா இல்லையா? என் கால் வத்திப்போச்சு. நீயே எழுதி வச்சிருக்கியே," என்றார் கந்தப்பு.

காலை வீங்க வைத்த மாத்திரையை நிறுத்தினால் கால் வற்றத்தான் செய்யும் என்று அவள் சொல்ல வாயெடுப்பதற்குள் விநாசித்தம்பி தன் மனுவை முன்வைத்தார்.

"எனக்குத்தான் பிள்ளை, கொஞ்ச நாளா மாத்திரைக்குப் பவர் கூடிப்போச்சு. போன வெள்ளிக்கிழமை கோயில் படியில கண்ணு இருட்டிக்கிட்டு வந்திச்சு, தூணப் புடிச்சிக்கிட்டு நின்னேன். கம்பெனிக்காரன் என்னமோ மாத்திட்டான் போல."

பவரைக் கூட்டிய கம்பெனி தான்தான் என்பது அருந்ததிக்குப் புரிந்தது. புத்தகத்தின்படி அவள் மாமனாருக்குக் கொடுத்த இரட்டிப்பு, பிரஷரே இல்லாத ஒரு மனிதரைக் கோயில் படியில் தள்ளப் பார்த்திருந்தது. அவர் கவுட்டும் மாத்திரை இல்லாமல் திரும்பி வந்து பெருவிரலில் உட்கார்ந்திருந்தது.

"மாத்திரை ஒழுங்கா சாப்பிடறீங்களான்னு தினமும் கேட்டேனே மாமா."

"சாப்பிடறேன்னு சொன்னேன். சாப்பிட்டேன். எந்த மாத்திரைன்னு நீ கேக்கலியே, பிள்ளை." சாட்சிக்கூண்டில் நிற்பவரின் நிதானம் அவருக்கு இருந்தது.

தே தாரே ஆற்றிக்கொண்டிருந்த முகம்மது சுல்தான், தனக்கும் பிரஷர் இருக்கிறதென்றும், இந்த டிரான்ஸ்பரில் காலியிடம் ஏதாவது இருக்கிறதா என்றும் அங்கிருந்தபடியே விசாரித்தார்.

அருந்ததி இரண்டு அட்டைகளையும் பறிமுதல் செய்து, இரண்டு கிழவர்களையும் காரில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாள். விநாசித்தம்பியின் பிரஷர் தரையோடு கிடந்தது. ஒரு நாள் படுக்கவைத்து அனுப்பினார்கள். கந்தப்புவுக்குக் கால் வீங்காத வேறு மாத்திரை எழுதப்பட்டது. அதை அவரே சாப்பிட்டதில், பிரஷர் ஒரு வாரத்தில் இறங்கத் தொடங்கியது. விவகாரம் முடிந்தது, அருந்ததியின் விரதமும் முடிந்தது. பரீட்சை நெருங்கிய நேரத்தில், புத்தகத்தில் எந்த நோயாளியைப் பார்த்தாலும் அவர் யாரோடு மாற்றிக்கொண்டார் என்ற கேள்விதான் முதலில் வந்தது. முதல் தடவை தோற்றபோதாவது சந்தேகம் மட்டும் இருந்தது. இப்போது ஆதாரமும் சேர்ந்துவிட்டது.

மஹ்பூபா இந்தத் தடவை சுருக்கமாகவே பேசினாள். "வாரியத்து ஆளுக்கு சூலியா தெருவுல கூட்டாளி இல்லக்கா. அத மட்டும் ஞாபகம் வச்சிக்குங்க."

பஸ்ஸுக்கு நேரம் காலம் கிடையாது என்பது கந்தப்புவின் கட்சி. ஆகவே மருமகளைச் சிங்கப்பூருக்கு ரயிலில் அனுப்பினார். பரீட்சை மண்டபத்தில் அருந்ததி வேகமாகவே எழுதினாள். செண்டோல் குடித்திருக்கக்கூடிய அம்மாளை நம்பினாள், ஜாமு குடித்திருக்கக்கூடியவரை நம்பினாள். நடுவில் ஒரு கிழவர் வந்தார். வயது அறுபத்தெட்டு, பிரஷர் மாத்திரை முழு அளவில், ஒரு நாளும் தவறவிட்டதில்லை என்கிறார், ஆனாலும் பிரஷர் இறங்கவில்லை. முன்பிருந்த கால் வீக்கம் இப்போது இல்லை. அடுத்து என்ன செய்வாய்? நான்கு விடைகளில் இரண்டாவது மருந்தைச் சேர்ப்பதும் ஒன்று. அவர் எதை விழுங்குகிறார் என்று கேட்பது எதிலும் இல்லை.

பென்சில் சிறிது நேரம் காகிதத்துக்கு மேலே நின்றது. அந்த வரியின் ஓரத்தில் அருந்ததிக்குக் கோயில் படியும் தூணும் தெரிந்தன. கண்ணாடி ஜன்னலும் தெரிந்தது. அவள் இரண்டாவது மருந்தைச் சேர்த்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போனாள். கடைசிப் பக்கம் வரை எழுதி முடித்தாள்.

தேறிவிட்டாள். நிர்வாகி சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். அடுத்த மாதமே அவள் டாக்டர்களோடு வார்டுச் சுற்றில் போனாள். பத்து மணிக்கு முடியும் சுற்று அவள் சேர்ந்த பிறகு மத்தியானத்தைத் தொட்டது. ஒவ்வொரு நோயாளியிடமும், வீட்டிலிருக்கும் மாத்திரை அத்தனையையும் பையோடு கொண்டுவரச் சொல்லி, அது யாருடையது, இது யாருடையது என்று கேட்டுக்கொண்டு நின்றாள். டாக்டர்கள் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்கள், ஆனால் சிறப்புத் தேர்வில் தேறியவரை அவசரப்படுத்துவது எப்படி என்று அவர்களுக்குத் தெரியவில்லை.

வீட்டில் கந்தப்பு முடிவுத்தாளைக் கண்ணாடி போட்டு ஒரு தரமும், கழற்றித் துடைத்துப் போட்டு இன்னொரு தரமும் படித்தார். திருப்பியும் பார்த்தார்.

"பாஸ்னு மட்டுந்தான் போட்டிருக்கு. மார்க் எங்க?"

இந்த வாரியம் மார்க் போடுவதில்லை மாமா என்றாள். வகுப்பும் இல்லை, ராங்கும் இல்லை என்று கேட்டபோது அவர் முகம் வாடியது. மூன்று தலைமுறையில் அந்த வீட்டில் யாரும் மார்க் இல்லாமல் தேறியதில்லை. கேட்டு எழுது, கேட்டால் கொடுப்பான், நமக்கு உரிமை உண்டு என்று ஒரு வாரம் வற்புறுத்தினார். பிறகு தாமாகவே ஒரு முடிவுக்கு வந்து, மூலை மேசையில் மருமகள் டிஸ்டிங்ஷனில் தேறியதாக அறிவித்துவிட்டார். விநாசித்தம்பி அதை வழிமொழிந்தார்.

அருந்ததி அதைத் திருத்தவில்லை. கேட்டு எழுதவும் இல்லை. அந்த அறுபத்தெட்டு வயதுக்காரருக்கு எழுதிய விடைக்கு வாரியம் அவளுக்கு முழு மார்க் கொடுத்திருக்கும். அதை அச்சடித்த எழுத்தில் பார்க்க அவளுக்கு விருப்பமில்லை.