ஒண்ணாந்தரச் சீட்டு

1. முதல் நாள்

நிலாவாரைக் கிட்டங்கிக்கு முதல் நாள் வேலைக்குப் போகிறவள் காலையில் கஞ்சி குடிக்கக் கூடாது. இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. கிட்டங்கி என்றால் சரக்குக் கிடங்கு; நிலாவாரை பேதிக்குக் கொடுக்கிற இலை. கப்பலில் சீமைக்குப் போய் அங்குள்ள துரைமார் வயிற்றைச் சுத்தம் செய்யும். போகிற வழியில் எங்கள் வயிற்றையும் சுத்தம் செய்துவிட்டுத்தான் போகும். காய்ந்த இலையைச் சுளகில் போட்டுப் புடைத்தால் தூசி எழும்பி மூக்கில் ஏறும். பதினொரு மணிக்குள் நான் நாலு தடவை கொல்லைப்பக்கம் ஓடிவிட்டேன்.

நாலாவது தடவை திரும்பி வந்து உட்கார்ந்தபோது பக்கத்தில் இருந்தவள் கேட்டாள்.

“ஏட்டி, கஞ்சி குடிச்சிட்டா வந்தே?”

“ஆமாக்கா.”

“நாளைக்குக் குடிக்காத. ஒரு வாரத்துல வயிறு பழகிரும். மூச்சுதான் பழகாது.”

அவள் ராகேல் அக்கா. அந்தக் கிட்டங்கியில் அறுபது பெண்கள் இலை பொறுக்கினோம். அவள் கைக்கு ஈடான கை ஒன்றுகூட இல்லை. பச்சை மாறாத, தடித்த, முழு இலை ஒண்ணாந்தரம். மஞ்சளித்தது ரெண்டாந்தரம். ஒடிந்தது, நொறுங்கியது மூணாந்தரம். காயும் காம்பும் தனி. நாங்கள் கண்ணால் பார்த்துப் பிரித்தோம். அவள் வேறெங்கோ பார்த்துக்கொண்டே விரலால் பிரிப்பாள். தனி ஆள், பிள்ளை குட்டி கிடையாது. நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்பு வரை படித்தவள், வாய் திறந்து பேசக் கூசுகிறவள். அவள் பக்கத்தில் இடம் கிடைத்தது என் நல்ல காலம்.

2. சீட்டுக்குத் தரம் பார்த்தது

கிட்டங்கி ஸ்ரீவைகுண்டத்துக்குக் கிழக்கே ஆற்றை ஒட்டி இருந்தது. சிப்பம் கட்டிய இலையைத் தோணிக்கு ஏற்றிப்போக மாதம் ஒரு தரம் புன்னக்காயலில் இருந்து சூசைத் தண்டல் வருவார். தண்டல் என்றால் தோணிக்குத் தலைவர். கொழும்புக்கும் போய்வருகிறவர். ஒரு தடவை இடுப்பு முடிச்சில் இருந்து மூன்று லாட்டரிச் சீட்டை எடுத்து விரித்தார்.

“தங்கச்சிமாரே, ரெண்டு மாசத்துல கொழும்புல குதிரை ஓடப்போவுது. சீட்டு விழுந்தா ஆயுசுக்கும் இலை பொறுக்க வேண்டாம்.”

“விழாட்டி?” என்றாள் ஒருத்தி.

“விழாட்டி இலை பொறுக்குங்க. இப்பவும் அதத்தானே செய்யுதீய?”

இதற்கு எல்லாரும் சிரித்தார்கள். சிரிக்கிற கூட்டத்தின் மடியில் இருந்து காசை எடுப்பது சுலபம் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். எட்டுப் பேர் பங்கு சேர்ந்து ஒரு சீட்டு வாங்குவது என்று முடிவாயிற்று. எந்தச் சீட்டு என்று பார்த்துச் சொல்லும் பொறுப்பு ராகேல் அக்காவுக்கு.

அவள் மூன்றையும் வாங்கினாள். வாசல் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தாள். கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே வைத்து உரசினாள். மோந்தும் பார்த்தாள்.

“இது மஞ்சளிச்சிருக்கு. இது ஓரம் நைஞ்சிருக்கு. இந்தா, இதுதான் ஒண்ணாந்தரம்.”

தண்டல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “தங்கச்சி, ஓடப்போறது குதிரை. காயிதமா ஓடப்போவுது?”

“நீரு சும்மா இரும். இருவது வருசமாத் தரம் பாத்த கை இது.”

எங்கள் ஊரில் கெட்டிக்காரியின் முட்டாள்தனம் இப்படித்தான் இருக்கும். ஒரு வேலையில் கை தேறிவிட்டால் உலகத்தில் உள்ள எல்லாமே அந்தக் கைக்கு அடங்கும் என்று நினைப்பு. ஒன்றும் தெரியாதவள் ஏமாந்தால் ஒரு சீட்டோடு போகும். தெரிந்தவள் ஏமாந்தால் அதற்கு நியாயம் வேறு சொல்லுவாள்.

அப்புறம் ஒரு வாரம் கிட்டங்கியில் வேலை நடந்ததோ இல்லையோ, கனவு நன்றாக நடந்தது. ஒருத்தி வில்வண்டி வாங்கினாள். ஒருத்தி மாமியாரைத் தனி வீட்டில் வைத்துக் கதவைப் பூட்டினாள். ராகேல் அக்கா சொந்தமாகக் கிட்டங்கி கட்டினாள்.

“நூறு பொம்பளைய இலை பொறுக்குவாளுவ. நான் கையக் கட்டிக்கிட்டுப் பாத்துக்கிட்டு இருப்பேன்.”

தூசியிலேயே நுரையீரலைப் பாதி விட்டவள் கனவு காணும்போதாவது தூசி இல்லாத இடமாகப் பார்த்துக் காணக்கூடாதா? அறுபது பேர் இருமுவது போதாதென்று நூறு பேரை இருமவைக்க ஒரு கனவு! நான் மனசுக்குள் காறித் துப்பினேன். எட்டுப் பங்கில் நான் சேரவில்லை என்பதற்கே “கஞ்சப் பிசினாறி” என்று பேர் கிடைத்திருந்தது.

3. திரும்பிய தட்டு

அதற்கு முந்தின மாதம் பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் டாக்டரம்மாள் ராகேல் அக்காவின் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு, இன்னொரு வருஷம் இந்தத் தூசியில் உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டாய் என்று சொல்லியிருந்தார். கூடப் போனவள் நான். அதனால் எனக்குத் தெரியும்.

அப்படி இருக்கும்போது மாதிரி பார்க்கிற கிழவர் வேலையை விட்டு நின்றார். வந்து இறங்குகிற ஒவ்வொரு மூட்டையிலும் கைப்பிடி இலை எடுத்து, மேசையில் பரப்பி, இது இன்ன தரம் என்று சொல்லுகிற வேலை அது. மேசையும் முக்காலியும் முன்வாசல் வராந்தாவில் இருக்கும். புடைக்கிற தூசி அங்கே வராது. ஆற்றுக் காற்று வரும்.

எங்கள் முதலாளி அண்ணாச்சி வேலை கொடுப்பதை வாயால் சொல்ல மாட்டார். தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து எல்லாருக்கும் முன்னால் நீட்டுவார். எடுத்துக்கொண்டால் வேலை உன்னுடையது. தட்டைத் திருப்பினால் அந்த ஆளுக்கு அந்தத் தட்டு மறுபடி வராது. அவருடைய அப்பா காலத்து வழக்கம்.

“ராகேலு, எடுத்துக்கோ தாயி. மாதிரி மேசை ஒனக்குத்தான்.”

ராகேல் அக்கா தட்டை விரலால் தள்ளினாள்.

“வேண்டாம் அண்ணாச்சி. ரெண்டு மாசத்துல நானே கிட்டங்கி வைக்கப் போறேன். ஒங்க முக்காலியில உக்காந்து தொழிலப் பாத்துட்டு, பொறவு ஒங்களுக்கே போட்டியா வந்து நின்னா நல்லாவா இருக்கும்?”

அண்ணாச்சி முதலில் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை என்று கண்டதும் அவர் முகம் மாறிப்போயிற்று. தட்டு அடுத்த ஆளுக்கு நகர்ந்தது. அடுத்த ஆள் நான்.

“ஏளா ஞானப்பூ, நீ எழுதப் படிக்கத் தெரிஞ்ச புள்ளதானே. எடுத்துக்கோ.”

வேண்டாம் என்று சொல்லவும் ஒரு தொண்டை வேண்டும். எனக்கு அது இல்லை. கை தானாகப் போய் வெற்றிலையை எடுத்தது. ராகேல் அக்கா என்னைப் பார்த்து, “நல்லா இரு” என்றாள். மனசாரத்தான் சொன்னாள். அதுதான் என்னைக் குத்தியது.

4. ஓடாத குதிரை

ரெண்டு மாதம் போனது. சீமையில் சண்டை மூண்டது. தண்டல் வந்தபோது எட்டுப் பேரும் மொய்த்தார்கள்.

“குதிரையெல்லாம் சண்டைக்குப் போயிட்டு. பந்தயத்தத் தள்ளி வச்சிருக்கான்” என்றார் தண்டல், தரையைப் பார்த்துக்கொண்டு.

தோற்ற சீட்டைக் கிழித்துப் போடலாம். தள்ளி வைத்த சீட்டை என்ன செய்வது? ஏழு பேர் மறந்துபோனார்கள். ராகேல் அக்கா சீட்டை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு, தூசிக்குள் உட்கார்ந்து காத்திருந்தாள். நான் வராந்தாக் காற்றில் உட்கார்ந்து அவள் இருமலைக் கேட்டுக்கொண்டிருந்தேன். என் கண்ணும் அந்த வேலைக்குப் போதவில்லை. நான் ஒண்ணாந்தரம் என்று அனுப்பிய ஒரு சரக்கு தூத்துக்குடியில் இருந்தே திரும்பி வந்தது.

ஒரு நாள் துணிந்து அண்ணாச்சியிடம் போனேன். “ராகேலக்காவ மேசையில உக்காரச் சொல்லட்டுமா? நான் உள்ள போயிருதேன்.”

“திருப்பின தட்டு திருப்பினதுதான். நான் கூப்பிட மாட்டேன்” என்றார். பேரேட்டைப் புரட்டிக்கொண்டே, “யாரு உக்காந்தா எனக்கென்ன? மாதிரி தப்பாம இருந்தாச் சரி. உக்காருதவளுக்குச் சம்பளம்” என்றார்.

ராகேல் அக்காவிடம் சொன்னதற்கு, “தள்ளின தட்ட நக்கச் சொல்லுதியா?” என்று சுளகை ஓங்கிவிட்டாள். டாக்டரம்மாள் சொன்னதைச் சொன்னேன். அழுதேன். ஒன்றும் ஏறவில்லை. மூன்றாம் நாள் அவள் இருமி முடிக்கட்டும் என்று நின்று, வேறு மாதிரி சொன்னேன்.

“எக்கா, தண்டல் வந்தா முன்வாசலுக்குத்தானே மொதல்ல வருவாவ? நீங்க உள்ள இருந்தா எப்படித் தெரியும்? பரிசு விழுத வரைக்கும் அங்கன இருங்களேன். வேலையின்னா இருக்கச் சொல்லுதேன்? காத்திருக்கத்தானே?”

யோசித்தாள். “அதுவுஞ் சரிதான். விழுத வரைக்கும்தான், கேட்டியா?” என்று எழுந்து போனாள். நான் அவள் இடத்தில் உட்கார்ந்து அவள் சுளகை எடுத்தேன்.

5. மறு சீட்டு

ஒன்றரை வருஷம் அவள் அந்த முக்காலியில் இருந்தாள். இருமல் பாதியானது. ஒரு சரக்குகூடத் திரும்பவில்லை. அண்ணாச்சி அவளிடம் முகம் கொடுத்துப் பேசாமலே அவள் சொன்ன தரத்தை ஏற்றுக்கொண்டார்.

ஒரு பெரிய வியாழனும் ஈஸ்டரும் முடிந்த மறு வாரம் தண்டல் வந்தார். நான் சிப்பத்தின் மேல் விலாசம் எழுத வராந்தாவுக்கு வந்திருந்தேன்.

“தங்கச்சி, கோயில்ல பாவசங்கீர்த்தனம் பண்ணும்போது சாமியார் உண்மையச் சொல்லிரச் சொன்னாரு” என்று தலைத்துணியை அவிழ்த்தார். “குதிரை அப்பவே ஓடிட்டு. நம்ம சீட்டு விழல. ஒன் மொகத்தப் பாத்துச் சொல்ல மனசு வரல.”

ராகேல் அக்கா அவரைத் திட்டவில்லை. பரப்பி வைத்த மாதிரி இலையை ஒன்றாகக் கூட்டினாள். தரம் சொல்லி முடித்தாள். பிறகு எழுந்து கூடைக்குள் இருந்த இருமினால் வாய் துடைக்கிற தன் துணியையும் தண்ணீர்ச் செம்பையும் எடுத்துக்கொண்டு கிட்டங்கிக்குள் திரும்பினாள்.

“எங்க போறீய?” என்றேன்.

“விழுத வரைக்கும்னுதானே ஏட்டி பேச்சு? இனி விழாதுல்லா. என் எடத்துக்குப் போறேன்.”

உள்ளே அத்தனை சுளகும் புடைத்துக்கொண்டிருந்தன. வாசலுக்கு அந்தப் பக்கம் ஆள் முகம் தெரியாத தூசி. அவள் வாசற்படியில் கால் வைத்துவிட்டாள்.

அதுவரை நான் அன்னிய ஆண்பிள்ளையிடம் நிமிர்ந்து பேசினவள் இல்லை. அன்றைக்குத் தண்டலின் சட்டையைப் பிடிக்காத குறைதான்.

“அண்ணே, வேற சீட்டு இருக்கா?”

“தங்கச்சி, இனி விக்க மாட்டேன்னு சாமியார்கிட்ட சத்தியம் பண்ணிட்டு இப்பத்தான்...”

“இருக்கா, இல்லையா?”

மடியில் ரெண்டு இருந்தன. சத்தியம் பண்ணினவர் மடி அப்படித்தான் இருக்கும். அந்த வாரக் கூலியை அப்படியே கொடுத்து ஒன்றை வாங்கி ராகேல் அக்காவிடம் நீட்டினேன். எட்டுப் பேர் பங்கு சேர்ந்தபோது மனசுக்குள் காறித் துப்பினவள் நான். இப்போது பங்குகூட இல்லை, முழுச் சீட்டு!

அவள் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். “ரெண்டாந்தரம்தான்” என்றாள். “என்னைக்கு ஓட்டுதான்?”

“ஆறு மாசமாவும்” என்றேன், தண்டலை முந்திக்கொண்டு.

செம்பைக் கீழே வைத்துவிட்டு முக்காலியில் உட்கார்ந்தாள்.

அந்தச் சீட்டும் விழவில்லை. விழாது என்று தெரிந்துதான் வாங்கினேன். ஆறு மாதத்துக்கு ஒன்று என்று ஒன்பது வருஷம் வாங்கினேன். மூச்சு முட்டாமல் அவள் அந்த முக்காலியில் இருந்தாள். சீட்டு வாங்குகிறவர்களை இன்றைக்கும் கூறுகெட்டவர்கள் என்றுதான் சொல்லுவேன். ஆனால் வேலைக்குப் போகிற பெண்களுக்கு ஒன்று சொல்லுகிறேன். தூசியில் இருக்கிறவளை வெளியே கூட்டிவரப் புத்திமதி உதவாது. தலைகுனியாமல் எழுந்து வர அவளுக்கு ஒரு சாக்கு வேண்டும். அது கேணத்தனமான சாக்காக இருந்தால், கேணச்சி என்ற பேரை நீ வாங்கிக்கொண்டு அதைக் கொடு.